உஷார்! துருவக் கடலில் ஜி.பி.எஸ். திரையை மட்டும் நம்பாதீர்கள்

ஆர்க்டிக் பக்கமோ அண்டார்க்டிகா பக்கமோ போகிற கப்பலில் வேலை கிடைத்திருக்கிறதா? உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படியொரு கப்பலில் இருக்கிறானா? பனிமலை பார்க்கச் சுற்றுலாக் கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் இருக்கும் திரை காட்டுகிறதே, அந்தக் குறி துருவக் கடலில் தடுமாறக்கூடியது. எப்போது தடுமாறுகிறது, எவ்வளவு தடுமாறுகிறது என்று அந்தக் கடலுக்கு நடுவே நின்று அளந்து சொல்லும் கருவிகள் மிகமிகக் குறைவு. ஆபத்து இருக்கிற இடத்திலேயே காவல் இல்லை என்பதுதான் என் கவலை.

தலைக்கு மேலே என்ன நடக்கிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் வானொலி அலை பயணம் செய்த நேரத்தை வைத்துத்தான் கப்பலில் இருக்கும் ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. அலை கீழே இறங்கும் வழியில் அயனி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை பரவியிருக்கும் மின்னேற்றம் பெற்ற காற்று அது. சூரிய ஒளி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உண்டாவது. அந்த எலக்ட்ரான்கள் அலையைத் தாமதப்படுத்துகின்றன.

அலை வரும் பாதையில், ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புக்கு எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுவார்கள். பத்தாயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் சேர்ந்தால் ஓர் அலகு. ஜி.பி.எஸ்ஸின் முதல் அலைவரிசையில், அதாவது 1575.42 மெகாஹெர்ட்சில், ஓர் அலகுக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் பிழை. நூறு அலகு என்றால் 16 மீட்டர். ஒற்றை அலைவரிசை ரிசீவர்கள் இந்தப் பிழையை ஒரு சராசரி மாதிரியைக் கொண்டு திருத்திக்கொள்கின்றன. ஜான் குளோபுச்சர் உருவாக்கிய அந்த மாதிரி, செயற்கைக்கோள் அனுப்பும் எட்டு எண்களை வைத்துப் பிழையில் ஏறக்குறைய பாதியைக் கழிக்கும். அமைதியான நாளுக்கும் நடு அட்சரேகைக்கும் அது போதும். சூரியப் புயல் அடிக்கும் துருவ வானத்துக்குப் போதாது.

தாமதத்தை விடவும் மோசமானது மினுக்கம். எலக்ட்ரான் செறிவு சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகக் கிடந்தால், அதைக் கடந்து வரும் அலை நட்சத்திரம் மினுங்குவதுபோல் நடுங்கும். பலம் ஏறி இறங்கும், கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) துள்ளும். நடுக்கம் மிஞ்சினால் ரிசீவர் அந்தச் செயற்கைக்கோளின் பிடியை விட்டுவிடும். நாலைந்து செயற்கைக்கோள்களின் பிடி ஒரே நேரத்தில் போனால் திரையில் இருக்கும் இடக்குறி குதிக்கும், அல்லது நின்றே போகும்.

துருவத்தில் இந்தத் திட்டுகள் உருவாக வழிகள் பல. பகல் பக்கத்தில் சூரிய ஒளியில் உண்டான அடர்ந்த அயனித் திரள்கள், காந்தப்புலத்தின் ஓட்டத்தில் இழுபட்டுத் துருவத்தின் மேலாக இரவுப் பக்கம் நகர்கின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள இந்தத் திரள்கள் வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் ஓடும். மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத குளிர்கால இருட்டிலும் வரும். இன்னொரு பக்கம், துருவ ஒளி ஆடும் வளையத்தில் விண்வெளித் துகள்கள் பொழிந்து அயனி மண்டலத்தைக் கிழிக்கின்றன. நகர்ந்து வரும் திரள் அந்த வளையத்துக்குள் நுழையும் நேரம் மிக மோசமான நேரங்களில் ஒன்று. பயணிகள் மேல்தளத்தில் நின்று பச்சை ஒளியைப் படம் பிடிக்கும் அதே இரவில், பிரிட்ஜில் இருப்பவர் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும்.

ஒன்று தடுமாறினால் கைகொடுக்க மற்றொன்று இல்லை

சென்னைக்கு அருகில் ஜி.பி.எஸ். தடுமாறினால் கலங்கரை விளக்கம் இருக்கிறது, காந்தத் திசைகாட்டி இருக்கிறது, கரையோடு பேச வி.எச்.எஃப். வானொலி இருக்கிறது. துருவத்தில் மாற்றாக நிற்க வேண்டிய ஒவ்வொன்றும் அதே நேரத்தில் பலவீனப்படுகிறது.

காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தத் திசைகாட்டியின் முள் பயனற்றுப் போகும். ஜைரோ, பூமியின் சுழற்சியைக் கொண்டு வடக்கைக் கண்டுபிடிக்கும் கருவி. அட்சரேகை ஏற ஏற அதன் இழுவிசை குறைந்து பிழை கூடும். அதனால்தான் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, கப்பல்களுக்கான சர்வதேசத் துருவ நெறிமுறை, 80 டிகிரி அட்சரேகைக்கு மேலே போகும் கப்பல்களில் செயற்கைக்கோள் திசைகாட்டி ஒன்றாவது, அல்லது அதற்கு ஈடான கருவி, இருக்க வேண்டும் என்கிறது. சரியான விதிதான். ஆனால் விளைவைப் பாருங்கள். இடமும் செயற்கைக்கோளிடமிருந்து வருகிறது, திசையும் அதனிடமிருந்தே வருகிறது. அந்தத் திசைகாட்டியின் ஆன்டெனாக்கள் அருகருகே இருப்பதால் ஒரே வானத்தைப் பார்க்கின்றன. சிறு நடுக்கம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும். பிடியே விட்டுப்போனால் திசையும் சேர்ந்து போகும்.

அடுத்தது வானத்தின் வடிவம். ஜி.பி.எஸ். சுற்றுப்பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்தவை. துருவத்தில் நின்று பார்த்தால் எந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் அடிவானத்திலிருந்து சுமார் 45 டிகிரிக்கு மேல் ஏறாது. தலைக்கு நேர் மேலே ஒன்றும் வராது. எல்லா அலையும் சாய்வாகவே வருகிறது. சாய்ந்து வரும் அலை அயனி மண்டலத்துக்குள் கடக்கும் தூரம் அதிகம். பிழையைத் திருத்தித் தரும் துணைச் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்பவை. 80 டிகிரியைத் தாண்டினால் அவை அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதற்கு முன்பே பனிமலையும் மலைச்சரிவும் மறைத்துவிடும்.

கடைசியில் உதவிக்குக் கூப்பிடும் வழி. சூரியனிலிருந்து வேகமான புரோட்டான்கள் வந்து துருவ வானத்தில் கொட்டினால், கீழ் அயனி மண்டலம் நெடுந்தூரம் பேச உதவும் எச்.எஃப். வானொலியை விழுங்கிவிடும். அது நாள்கணக்கில் நீடிக்கக்கூடும். துருவத்தைத் தொடும் இரிடியம் செயற்கைக்கோள் தொடர்பும் 1600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது. மினுக்கத்துக்கு அதுவும் விலக்கல்ல. ஒரே சூரியப் புயல் இடக்குறியையும் எச்.எஃப். வானொலியையும் ஒன்றாகத் தாக்க முடியும் என்பதை மனத்தில் வையுங்கள்.

உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 2023 செப்டம்பர் 11 அன்று வடகிழக்கு கிரீன்லாந்தின் ஆல்ப்பெஃபியோர்டில் ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ சுற்றுலாக் கப்பல் 206 பேரோடு தரைதட்டியது. அதற்கும் அயனி மண்டலத்துக்கும் தொடர்பு சொல்லப்படவில்லை. ஆனால் கப்பல் விடுபட்டது மூன்று நாள் கழித்து, 14ஆம் தேதி. இழுத்து விட்டது ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல். துருவ நெறிமுறையே, மீட்புக்காகக் காத்திருக்கும் காலத்தை 5 நாளுக்குக் குறைவாகக் கணக்கிடக் கூடாது என்கிறது. அங்கே தரைதட்டினால் நிலைமை அதுதான்.

ராயல் மெஜஸ்டி சொன்ன பாடம்

“இடக்குறி போனால் அலாரம் அடிக்குமே, தெரிந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். 1995 ஜூன் 10 இரவு ‘ராயல் மெஜஸ்டி’ கப்பலில் தெரியவில்லை. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்கு 1,509 பேரோடு வந்த கப்பல் அது. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிள் கழன்றது. ரிசீவர் தானாகவே ‘டெட் ரெக்கனிங்’ முறைக்கு, அதாவது வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை ஊகிக்கும் முறைக்கு மாறிக்கொண்டது. மாறியதைச் சொன்னது திரையின் ஓரத்தில் இருந்த சில சிறிய எழுத்துகள் மட்டுமே. சுமார் 34 மணி நேரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டோ பைலட் அந்தப் பொய்யான இடத்தை நம்பியே ஓட்டியது. ஆழம் குறைந்தால் கத்த வேண்டிய எக்கோ சவுண்டர் அலாரம் பூஜ்ஜியத்தில் வைக்கப்பட்டிருந்தது. நீரின் நிறம் மாறுவதை லுக்-அவுட் ஆட்கள் சொன்னார்கள், எடுபடவில்லை. நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறியபோது, போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது.

அங்கே காரணம் கேபிள், சூரியன் அல்ல. ஆனால் சிக்னல் போன பிறகு மனிதர்களும் கருவிகளும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். திரை அழகாக ஓடிக்கொண்டே இருக்கும். பொய் சொல்வதாகத் தோன்றவே தோன்றாது.

பிரிட்டனின் கலங்கரை விளக்க அமைப்புகள் 2008இல் ஃபிளாம்பரோ முனைக்கு அப்பால் ‘போல் ஸ்டார்’ கப்பலை வைத்து ஒரு சோதனை செய்தன. வேண்டுமென்றே ஜி.பி.எஸ். அலையை மறித்தார்கள். பாதிப்பு இடம் காட்டும் கருவியோடு நிற்கவில்லை. மின்னணு வரைபடம், நம் இடத்தை மற்ற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ்., ஜைரோவின் திருத்தம், அவசர அழைப்புக் கருவி என ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறு காட்டின. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சிக்னல் ஓடுகிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

‘உச்சம் முடிந்துவிட்டது’ என்று அசந்துவிடாதீர்கள்

சூரியனின் சீற்றம் ஏறி இறங்கும் சுழற்சிகளில் 25ஆவது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அமெரிக்க அமைப்புகள் அறிவித்தன. இனிமேல் இறங்குமுகம்தானே என்று நினைப்பது பெரிய தவறு. கடந்த சுழற்சிகளைப் பாருங்கள். 23ஆவது சுழற்சியின் உச்சம் 2000-2001. ஆனால் பெரும் புயல் அடித்தது 2003 அக்டோபர் இறுதியில். அமெரிக்க விமானங்களுக்கு உயரம் காட்டும் ஜி.பி.எஸ். துணைச் சேவை அப்போது மணிக்கணக்கில் நின்றது. அதே சுழற்சி ஏறக்குறைய அடங்கிவிட்ட 2006 டிசம்பர் 6 அன்று, சூரியனிலிருந்து கிளம்பிய வானொலி வெடிப்பு பகல் பக்கத்தில் இருந்த ஜி.பி.எஸ். ரிசீவர்களை ஒரே நேரத்தில் திணறடித்தது.

2024 மே 10-11 புயல், 2003க்குப் பிறகு வந்த முதல் ஜி5. புயலின் கடுமையைக் குறிக்கும் ஐந்து படிகளில் உச்சப்படி அது. அமெரிக்காவின் நடுமேற்கில் விதைப்பு நேரத்தில் டிராக்டர்களின் செயற்கைக்கோள் வழிகாட்டி தடுமாறியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. ஹான்லே வரை எட்டிய புயல் துருவ வளையத்தை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னெச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. சூரியனிலிருந்து கிளம்பும் பெரும் வெடிப்பு பூமியை எட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது எவ்வளவு தீவிரமாக இருக்கும் என்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆய்வுக்கலங்களைக் கடந்த பிறகே உறுதியாகும். அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான்.

கடலில் காவல் எங்கே?

அயனி மண்டலத்தை அளக்கும் ரிசீவர்கள் உலகெங்கும் நிலத்தில் இருக்கின்றன. கனடாவின் வட தீவுகளிலும் ஸ்வால்பார்டிலும் அண்டார்க்டிகாவின் கரையோர நிலையங்களிலும் இருக்கின்றன. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்திலும் அளக்கிறது, அண்டார்க்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களிலும் ஆய்வு செய்கிறது. ஆனால் ஆர்க்டிக் பெருங்கடல் மட்டும் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். தென்பெருங்கடல் அதைவிடப் பெரியது. அங்கே கம்பம் நட நிலமே இல்லை. கப்பல்கள் போவதோ அங்கேதான்.

தீர்வு கப்பலிலேயே இருக்கிறது. மினுக்கத்தால் பாதிக்கப்படும் ரிசீவரே மினுக்கத்தை அளக்கும் கருவியாகவும் ஆகலாம். சாதாரண ரிசீவர் வினாடிக்கு ஒருமுறை இடம் சொல்லும். கண்காணிப்பு ரிசீவர் ஒவ்வொரு செயற்கைக்கோளின் அலைப் பலத்தையும் கட்டத்தையும் வினாடிக்கு 50 முறை பதிவு செய்யும். தென்னாப்பிரிக்காவின் விண்வெளி அமைப்பு, ‘எஸ்.ஏ. அகுல்லாஸ் 2’ துருவக் கப்பலில் இப்படிப்பட்ட ரிசீவரைப் பொருத்தி அளந்திருக்கிறது. கேப்டவுனிலிருந்து அண்டார்க்டிகாவுக்கும் மேரியன், கஃப் தீவுகளுக்கும் போய்வரும் கப்பல் அது. 2019 முதல் 2020 வரை பனியில் சிக்கி மிதந்த ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் ஜெர்மன் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் ரிசீவரால் காற்றின் நீராவியை அளந்தார்கள். பனிக்கு நடுவிலும் நம்பகமாக அளக்க முடியும் என்பது நிரூபணமான ஒன்று.

எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பல் உருண்டு ஆடும்போது ஆன்டெனாவும் ஆடும். அந்த ஆட்டம் கட்டத்தில் கலந்து, மினுக்கம்போலவே தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கப்பல் ஆடினால் இரண்டுக்கும் தூரம் ஒரே அளவில்தான் மாறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஆட்டம் ஒழிந்து, அயனி மண்டலத்தின் வேலை மட்டும் மிஞ்சும்.

பலத்தை அளப்பதில் வேறொரு தொல்லை. கப்பலின் கம்பத்திலும் புகைபோக்கியிலும் பட்டுத் தெறித்து வரும் அலை, நேரடியாக வரும் அலையோடு கலந்து பலத்தை ஏற்றி இறக்கும். நிலத்தில் இருக்கும் நிலையத்தில் செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்பும்போது தெறிப்பும் அதேபோல் திரும்ப வரும், கண்டுபிடித்துவிடலாம். ஓடும் கப்பலில் அப்படித் திரும்ப வராது. ஆகவே கப்பலின் முகம் எந்தத் திசையில் இருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதையும் கூடவே பதிந்து, கம்பம் மறைக்கும் திசையை விலக்க வேண்டும். நிலத்தில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைத் தள்ளிவிடுவது வழக்கம். துருவத்தில் அப்படித் தள்ளினால் மிஞ்சுவது கொஞ்சமே. அதனால் ஆன்டெனாவுக்கு உயரமான, தடையில்லாத இடம் தர வேண்டும். இரிடியம் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

சூரியனா, மனிதனா?

இந்தக் கண்காணிப்புக்கு இன்னொரு அவசரத் தேவையும் வந்துவிட்டது. நார்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க் வட்டாரத்தில் 2017 முதல் ஜி.பி.எஸ். குறுக்கீடு பதிவாகி வருகிறது. பேரன்ட்ஸ் கடலில் இடக்குறி குதித்தால் அது சூரியப் புயலா, யாரோ மறிக்கிறார்களா? இரண்டுக்கும் கேப்டன் செய்ய வேண்டியது வேறு வேறு. மறிப்பு என்றால் பல செயற்கைக்கோள்களின் பலம் ஒன்றாக விழும். அந்த வட்டாரத்தை விட்டு விலகினால் சரியாகும். மினுக்கம் பெரும்பாலும் வானத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி, வேறு வேறு செயற்கைக்கோளை வேறு வேறு நேரத்தில் தொடும். துருவத்தில் பலத்தை விடக் கட்டத்தையே அதிகம் ஆட்டும். இந்த வித்தியாசத்தைச் சாதாரணத் திரை காட்டாது. கண்காணிப்பு ரிசீவர் காட்டும்.

பிரிட்ஜில் நிற்பவர்கள் கவனத்துக்கு

1. வாட்ச் ஏற்கும்போதே விண்வெளி வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ஜி3 அல்லது அதற்கு மேல் என்றால் கேப்டனுக்குச் சொல்லிவிட்டு, பாறையும் ஆழம் குறைந்த நீரும் உள்ள வழியைத் தவிருங்கள்.

2. ரிசீவரில் எத்தனை செயற்கைக்கோள் பிடியில் இருக்கிறது, ஒவ்வொன்றின் பலம் என்ன என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எண்ணிக்கை திடீரென்று குறைவது முதல் அடையாளம்.

3. திரையில் ‘டெட் ரெக்கனிங்’ என்பதற்கான குறி எங்கே, எந்த எழுத்தில் வரும் என்று துறைமுகத்தில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

4. கரை தெரியும் தூரத்தில் ரேடாரில் தூரமும் திசையும் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். இரண்டு இடக்குறியும் ஒத்துப்போகவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

5. எக்கோ சவுண்டர் அலாரத்தைக் கப்பலின் மிதப்பு ஆழத்துக்கும் பாதுகாப்பு இடைவெளிக்கும் ஏற்ப வையுங்கள். பூஜ்ஜியத்தில் விடாதீர்கள். துருவக் கடலின் பெரும்பகுதி இன்றைய தரத்தில் அளக்கப்படவில்லை. இடக்குறி சரியாக இருந்தாலும் வரைபடம் தவறாக இருக்கலாம்.

6. ஜி.பி.எஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ ஆகிய மற்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும், இரண்டு அலைவரிசை ரிசீவரைக் கேளுங்கள். தாமதப் பிழையை அது தானே அளந்து கழிக்கும். மினுக்கத்துக்கு அது முழு மருந்தல்ல. ஆனால் பிடியில் மிஞ்சும் செயற்கைக்கோள் எண்ணிக்கை கூடும்.

7. இடக்குறி தடுமாறினால் நேரத்தையும் இடத்தையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். பின்னால் வரும் கப்பலுக்கு அந்தக் குறிப்பு உதவும்.

லுக்-அவுட்டில் நிற்பவர் சொல்வதை உதறாதீர்கள். நீரின் நிறம் மாறுகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். திரையைச் சரிபார்ப்பது அப்புறம்.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு

துருவத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆய்வுக் கப்பலிலும் பனியுடைப்பானிலும் அயனி மண்டலக் கண்காணிப்பு ரிசீவர் இருக்க வேண்டும். சுற்றுலாக் கப்பல் நிறுவனங்களும் இதில் சேர வேண்டும்; பருவம் முழுக்கத் துருவத்தில் திரிபவை அவைதான். பதிவைக் கரைக்கு வந்த பிறகு வட்டில் ஒப்படைத்தால் ஆராய்ச்சிக்கு உதவும்; எச்சரிக்கைக்கு உதவாது. வினாடிக்கு 50 பதிவையும் செயற்கைக்கோள் வழியே அனுப்ப முடியாதுதான். ஆனால் கப்பலிலேயே கணக்கிட்டு, நிமிடத்துக்கு ஒரு சுருக்கத்தை அனுப்ப முடியும். நூறு கப்பல்கள் அப்படி அனுப்பினால், இன்று வெறுமையாகக் கிடக்கும் கடல் வரைபடத்தில் புயல் எங்கே நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இந்தியாவுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. நம் அண்டார்க்டிகா பயணங்கள் இன்றுவரை வாடகைக் கப்பல்களை நம்பியே நடக்கின்றன. முதல் துருவ ஆராய்ச்சிக் கப்பலைக் கட்ட, கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் தளம் 2025 ஜூனில் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. கம்பத்தில் ஆன்டெனாவுக்குத் தடையில்லாத இடம், ஆட்டத்தைப் பதியும் கருவியோடு இணைப்பு, ரிசீவருக்குத் துல்லியமான கடிகாரம் ஆகியவற்றை வரைபடம் போடும்போதே சேர்த்தால் செலவு சொற்பம். கப்பல் கட்டி முடித்த பிறகு சேர்க்கப்போனால் நல்ல இடமெல்லாம் வேறு ஆன்டெனாக்களுக்குப் போயிருக்கும். கோவாவில் இருக்கும் துருவ ஆய்வு மையமும் புவிகாந்தவியல் நிறுவனமும் இதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் கப்பல்களின் ஒப்பந்தத்திலும் அடுத்த பயணத்திலிருந்தே கண்காணிப்பு ரிசீவர் பொருத்த வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.